சொந்தக் கூடையில் பந்து போட்டவர்

கூடைப்பந்துப் பருவத்தின் முதல் ஆட்டத்தில், இடைவேளை நேரத்தில், ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆடுகளத்தின் நடுவே வந்து நிற்பார். அணியின் வரலாற்றிலிருந்து கேள்விகள் கேட்பார். நம் அணியின் முதல் சட்டை என்ன நிறம்? மூக்குக்கண்ணாடியை நாடாவால் தலையோடு கட்டிக்கொண்டு ஆடியவர் யார்? மின்சாரம் போய், மறுநாள் காலையில் மிச்சத்தை ஆடி முடித்த ஆட்டம் எது? சரியாகச் சொன்னால் ஒரு தொப்பி கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் கையெழுத்துப் போட்ட பந்து கிடைக்கும். கேள்விகள் வருஷா வருஷம் மாறும். கடைசிக் கேள்வி மட்டும் மாறாது.

"இந்தப் புது அரங்கத்துல முதல் கூடை போட்டது யாரு?"

புது அரங்கம் என்று பேர்தானே ஒழிய, அது கட்டிக் கால் நூற்றாண்டு ஆகப் போகிறது. ஆனாலும் அரங்கம் முழுவதும் ஒரே தொண்டையாக, "குள்ளர்!" என்று கத்தும். மைக்காரர் உதட்டைப் பிதுக்கி, "தப்பு!" என்பார். அடுத்த நொடி எழும் சிரிப்பில் கூரைத் தகடு அதிரும். சரியான விடை, அன்றைய எதிரணிக் கேப்டனின் பெயர். அந்த மனிதர் பந்தைத் தொடவே இல்லை என்பதும், பந்தைப் போட்டது நம் அணியின் குள்ளர்தான் என்பதும், போட்டது நம் கூடையிலேயே என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சிரிப்பு எழும் நேரத்தில் குள்ளர் தன் மெத்தைக் கடையில் யாருக்காவது தலையணை காட்டிக்கொண்டிருப்பார்.

குள்ளர் என்றால் குள்ளம் என்று நினைத்துவிடக் கூடாது. பேருந்தில் நிமிர்ந்து நின்றால் அவர் தலை கூரையைத் துடைக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் நிலைப்படிக்கு முதலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். ஆனால் இருபத்து மூன்று வயதில் அந்தத் தொழில்முறை அணியில் சேர்ந்தபோது, பனைமரங்கள் மாதிரி நின்றவர்களுக்கு நடுவே அவர்தான் கட்டை. முதல் நாளே "டேய் குள்ளா" ஆகிவிட்டார். பிறகு வயது ஏற ஏற, ஊர் மரியாதைக்கு ஒரு 'ர்' சேர்த்துக் கொடுத்தது. அவ்வளவுதான் பதவி உயர்வு.

அணியில் அவர் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆள். ஆட்டம் கையை விட்டுப் போன பிறகோ, எட்டாத தூரத்துக்கு ஜெயித்துவிட்ட பிறகோ, பயிற்சியாளர் கையை ஆட்டினால் இறங்குவார். ஓட்டம் மட்டும் யாராலும் பிடிக்க முடியாது. பந்து கைக்கு வந்தால் போதும், எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடுவார். அந்த ஓட்டத்தை நம்பித்தான் அணியில் எடுத்தார்கள். கடைசியில் அந்த ஓட்டம்தான் ஆளைக் கவிழ்த்தது.

அரங்கத் திறப்பு நாளன்று, வழக்கமாக முதலில் இறங்கும் ஆட்டக்காரருக்குக் காய்ச்சல். "குள்ளா, நீ இறங்கு" என்றார் பயிற்சியாளர். அதைக் கேட்ட படபடப்பில் ஷூவின் கயிற்றை அவர் இழுத்த இழுப்பில் கயிறு அறுந்து கையோடு வந்தது. மற்றவர்கள் எல்லாம் வெளியே போய்க் கூடைக்குப் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, குள்ளர் உடை மாற்றும் அறையில் வேறு கயிறு தேடிக் கோத்துக்கொண்டிருந்தார். அவர் ஆடுகளத்துக்கு ஓடி வந்தபோது நடுவர் பந்தைக் கையில் எடுத்தாகிவிட்டது.

பழைய அரங்கத்தில் ஒரு பக்கச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. முதல் பாதியில் அவர்கள் அணி எப்போதும் கடிகாரப் பக்கத்துக் கூடையைத்தான் தாக்கும். அது குள்ளரின் எலும்பில் ஊறிப் போன பழக்கம். புது அரங்கத்தைக் கட்டியவர்கள் கடிகாரத்தை எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

நடுவர் பந்தை மேலே எறிந்தார். இரண்டு நெட்டையர்கள் எகிறினார்கள். பந்து தட்டுப்பட்டு நேராகக் குள்ளர் கையில் வந்து விழுந்தது. அவர் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஓடினார்.

அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி ஓடியதே இல்லை. எதிரணியில் ஒருவர்கூடத் துரத்தவில்லை. 'நம்ம வேகத்துக்கு அசந்து நிக்கிறாங்க' என்று நினைத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் சொந்த அணிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகம் கூட்டினார். எம்பினார், பந்தைப் பலகையில் மெல்ல ஒற்றினார், வளையத்தில் படாமல் வலை மட்டும் சரக்கென்று சத்தம் போட்டது. முஷ்டியை உயர்த்திக்கொண்டு திரும்பினார். எதிரே அவருடைய அணி மொத்தமும் தலையில் கை வைத்து நின்றது.

பயிற்சியாளர் மட்டும் சமயோசிதக்காரர். கோட்டருகே ஓடி வந்து, "வேணும்னே போட்டான்! இவன் வேணும்னே போட்டான்! இது செல்லாது!" என்று கத்தினார். விதி அப்படித்தான். தெரியாமல் சொந்தக் கூடையில் போட்டால் புள்ளி எதிரணிக்குப் போகும். ஆடுகளத்தில் நிற்கும் அவர்கள் கேப்டன் பெயரில் ஏறும். தெரிந்தே போட்டால் அது குற்றம். புள்ளி கிடையாது, பந்து மட்டும் கைமாறும்.

நடுவர் குள்ளரிடம் வந்தார். "என்னப்பா, வேணும்னேதான் போட்டியா?"

பயிற்சியாளர் பின்னால் நின்று கண்ணால் கெஞ்சினார், புருவத்தால் மிரட்டினார். தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். குள்ளர் நடுவர் பக்கம் திரும்பினார்.

"இல்ல சார். எங்க கூடை அதுன்னு நினைச்சுட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிருந்தா அந்தப் பக்கம் ஓடியிருப்பேனா சார்?"

நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையை மேசைப் பக்கம் காட்டி, இரண்டு விரலை மடக்கினார். புள்ளி எதிரணிக்குப் போனது. அன்றைய ஆட்டத்தில் அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் முடிந்து அரங்கம் காலியானதும், குள்ளர் தயங்கித் தயங்கி ஸ்கோர் மேசைக்கு வந்தார். அங்கே ஒரு பெண் பேனாவை மூடிவைத்துக்கொண்டிருந்தாள். பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆட்ட நாட்களில் மேசையில் புள்ளி எழுதுகிற வேலை.

"அந்த முதல் கூடை... யார் பேர்ல எழுதுனீங்க?"

"அவங்க கேப்டன் பேர்ல."

"என் பேர் எங்கயுமே வராதா?"

"உங்க பேர்ல எழுத விதி இல்லீங்க." சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகம் அவ்வளவு தூரத்தில் உயரே இருந்ததால் கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டியிருந்தது. "ஆனா நல்ல கூடைங்க. வளையத்துல படவே இல்ல."

நாள் முழுக்க அவரிடம் யாராவது சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அந்தப் பெண்ணைத்தான் அவர் பிறகு கட்டிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத ஆள் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகவும், ஆடுகளத்தின் நடுவிலேயே ஒருவர் சோதனையில் தேறிக் காட்டியதாகவும் அவள் தோழிகளிடம் சொன்னாளாம். அவர் அதைக் கேட்டுவிட்டு, "பொய் சொல்லியிருந்தா வேலை தப்பிச்சிருக்கும், நீ தப்பிச்சிருப்பே" என்றார்.

வேலை போகத்தான் போனது. பருவம் முடிந்ததும் அணி அவரோடு மறு ஒப்பந்தம் போடவில்லை. வேறு எந்த அணியும் சீந்தவில்லை. ஒரு மெத்தைக் கடையில் விற்பனைக்கு ஆள் கேட்டார்கள், போய் நின்றார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "கொஞ்சம் படுத்துக் காட்டுங்க" என்றாராம். அதிலிருந்து அதுதான் அவருடைய உத்தி. தயங்கும் வாடிக்கையாளர் முன்னால் ஷூவைக் கழற்றிவிட்டு மெத்தையில் நீளமாகப் படுத்துவிடுவார். "பாருங்க, என் காலே வெளிய தொங்கல. உங்க வீட்டுல என்னைவிட நீளமா யாரு இருக்காங்க?" சில சமயம் அப்படியே கண் அசந்துவிடுவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு அந்த மெத்தையே வேண்டும் என்று வாங்கிப் போனவர்கள் நிறைய.

கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். "நீங்கதானே அந்த..." என்று இழுப்பார்கள். அவர்கள் முடிப்பதற்குள், "நானேதான். வாசல் அந்தப் பக்கம், நானே காட்டினாலும் நம்பிடாதீங்க" என்று முந்திக்கொள்வார். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பிறகு சுருக்கமே இல்லாத மெத்தையின் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டே இருப்பார். அதை மனைவி ஒருத்திதான் கவனித்திருந்தாள்.

அணியை விட்டு வந்ததிலிருந்து அவர் அரங்கத்தில் காலே வைக்கவில்லை. கேட்டால், கடையில் ஆள் இல்லை என்பார். மனைவி மட்டும் ஆட்ட நாட்களில் மேசை வேலைக்குப் போய்வந்தாள். பருவத்தின் முதல் ஆட்டம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் கேட்பார்:

"இந்த வருஷமும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சத்தம் எப்படி?"

"கூரை தாங்கிச்சு."

அதோடு சரி. அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அவர் அவளுக்குத் தட்டு எடுத்து வைப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். அப்பாவின் உயரம், அம்மாவின் நாக்கு. பள்ளிக்கூடத்தில் எவனோ, "உங்க அப்பாவுக்கு வலது இடது தெரியாதாமே" என்று சொன்னதற்கு, அவன் வலது கன்னத்தில் ஒன்றும் இடது கன்னத்தில் ஒன்றும் கொடுத்து விளக்கிவிட்டு வந்தவள். இப்போது ஆஸ்பத்திரி ஒன்றில் முதுகுவலி, மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்யும் வேலையில் இருந்தாள்.

அரங்கத்துக்கு வெள்ளிவிழா வந்தது. அணியின் விளம்பர அதிகாரி ஒருவன் மெத்தைக் கடைக்கு வந்தான். மீசை இன்னும் முடிவெடுக்காத வயது.

"சார், உங்களைத் தேடித்தான் வந்தேன். விழாவுல இடைவேளையில ஒரு சின்ன ஐட்டம். அந்த முதல் கூடையை நீங்க மறுபடி போடணும். அதே மாதிரி. தப்பான பக்கம் ஓடி. அவங்க கேப்டனையும் கூப்பிட்டிருக்கோம். அவர் சும்மா கையைக் கட்டிட்டு நிப்பார். சும்மா ஜாலிக்கு சார். ஜனங்களுக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும்."

குள்ளர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மகள் சீறினாள்.

"அப்பா, உங்களை வெச்சு அவங்க கோமாளி வேலை காட்டப் பாக்குறாங்க. போகக் கூடாது."

"பிடிக்கும்னு சொன்னான்மா."

"வழுக்கி விழுறவனைப் பாக்கக்கூடத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும்."

குள்ளர் மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க இஷ்டம்ங்க. நீங்க வந்தாலும் வராட்டியும் நான் அங்க மேசையிலதான் இருப்பேன்" என்றாள்.

அவர் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தத் தரையை ஒரு தடவை மிதிக்கணும் போல இருக்கு. என்ன சொல்லிக் கூப்பிட்டா என்ன?" என்றார். மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

விழாவுக்கு முந்தைய நாள் முற்பகல், கடைக் கதவு திறந்தது. உள்ளே வந்தவரும் நிலைப்படிக்குத் தலை குனிந்துதான் வந்தார். அந்தக் குனிவைப் பார்த்ததுமே குள்ளருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது. எதிரணிக் கேப்டன்.

"தம்பி, முதுகுவலிக்கு ஏத்த மாதிரி மெத்தை இருக்கா?"

"இருக்குண்ணே. படுத்துப் பாருங்க."

கேப்டன் முனகிக்கொண்டே படுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் குள்ளர் அடுத்த மெத்தையில் படுத்தார். இரண்டு நெட்டை மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து, கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். கல்யாண மெத்தை பார்க்க வந்த ஒரு ஜோடி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"உன்னால எனக்குத் தூக்கமே போச்சு தம்பி," என்றார் கேப்டன், கூரையைப் பார்த்தபடி.

"என்னாலயா?"

"அந்த வருஷம் அதிகப் புள்ளி எடுத்தவன்னு பட்டம் எனக்குக் கிடைச்சுது. ரெண்டாவது வந்தவனைவிட ஒரே ஒரு பாயிண்ட் கூட. கணக்குப் போட்டுக்கோ. நீ கொடுத்த ரெண்டு இல்லேன்னா பட்டம் அவனுக்கு. அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போனேன். மேடையில வெச்சு, 'வாங்க வாங்க, ஓசிப் பாயிண்ட் வந்துட்டாரு'ங்கறான். நான் எத்தனை வருஷம் ஆடினேன், எத்தனை கூடை போட்டேன்? ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. எங்க போனாலும் நான் போடாத அந்தக் கூடையைப் பத்தித்தான் கேக்குறான்."

குள்ளருக்கு வியப்பாக இருந்தது. இத்தனை காலமும் அந்தச் சுமை தன் ஒருவன் தலையில்தான் என்று நினைத்திருந்தார். அதன் மறுமுனையை ஊருக்கு அப்பால் வேறொருவர் சுமந்துகொண்டிருப்பார் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் ஒரு நாள் முன்னாடியே வந்தேன். மறைக்காமச் சொல்லணும். அன்னைக்கு நிஜமாவே தெரியாமத்தான் போட்டியா?"

"ஏண்ணே?"

"ஆட்டம் முடிஞ்சதும் எங்க முதலாளி என் தோளைத் தட்டி, 'எல்லாம் நினைச்ச மாதிரி நடந்துச்சு'ன்னாரு. அந்த ஒரு வார்த்தை. அன்னைலேர்ந்து மனசுல முள்ளு மாதிரி கிடக்கு. அவர்தான் உன்னைக் கவனிச்சாரோன்னு."

குள்ளர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். காது மடல் சிவந்தது. ஊர் அவரை மடையன் என்றது, குருட்டுக்கோழி என்றது. எல்லாம் சிரித்துத் தள்ளியாயிற்று. ஆனால் ஒருவர் இத்தனை வருஷமாக அவரைக் கை நீட்டியவனாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"நான் காசு வாங்கினேன்னு நினைச்சீங்களாண்ணே?"

"நினைக்கல. நினைக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

குள்ளர் ஒரு தலையணையை எடுத்தார். "எழுந்திரிக்காதீங்க. படுத்துக்கிட்டே பாருங்க" என்றார். கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினார். பழைய அரங்கம் எப்படி, அதில் கடிகாரம் எங்கே, புது அரங்கத்தில் எங்கே மாற்றினார்கள், ஷூக் கயிறு எப்படி அறுந்தது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிக்கொண்டே தலையணையைத் தட்டிக்கொண்டு மெத்தைகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்தார். "இங்க நீங்க நிக்கிறீங்க. துரத்தவே இல்ல. ஆஹா, பயந்துட்டாங்கன்னு நினைக்கிறேன். பின்னாடி எங்க ஆளுங்க கத்துறாங்க. ஆஹா, கொண்டாடுறாங்கன்னு நினைக்கிறேன்!" இரட்டைக் கட்டிலைச் சுற்றி வந்து, எம்பி, தலையணையை அலமாரி மேல் ஒற்றினார். முஷ்டியை உயர்த்தித் திரும்பினார். கல்யாண ஜோடி வாயைப் பிளந்து நின்றது.

கேப்டனிடமிருந்து முதலில் ஒரு விக்கல் மாதிரி சத்தம் வந்தது. பிறகு அது வெடித்தது. கண்ணில் நீர் வழிய, மெத்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "கடிகாரமா! அட பாவி, கடிகாரமா!" முதலாளி பாவம், ஜெயித்த சந்தோஷத்தில் எதையோ சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று "ஐயோ" என்றார். முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை.

குள்ளர் மகளுக்கு ஃபோன் செய்தார். அவள் மதிய இடைவேளையில் ஓடி வந்தாள். ஆள் யாரென்று தெரிந்ததும் ஒரு கணம் முறைத்தாள். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டு, "திரும்பிப் படுங்க பெரியப்பா" என்றாள். அந்த 'பெரியப்பா'வில் கேப்டனுக்குப் பாதி வலி போயிற்று. மீதியை அவள் கட்டைவிரல் பார்த்துக்கொண்டது. "நாளைக்கு அங்க போய் நில்லுங்க, கை தட்டுங்க. குதிக்கிற வேலை மட்டும் வெச்சுக்காதீங்க. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. இடைவேளையில் விளக்குகள் ஆடுகளத்தின் நடுவே குவிந்தன. மைக்காரர் அழைத்ததும் குள்ளர் அணியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். வயிற்றருகே அது கொஞ்சம் சண்டை போட்டது. கைதட்டலில் கேலியும் இருந்தது. ஆனால் பெரும்பகுதி வேறு ஏதோவாக இருந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். தரையில் கால் வைத்ததும் ஷூ கீச்சிட்ட சத்தம் அவருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை ஏறியது.

மேசைப் பக்கம் பார்த்தார். மனைவி தலையைக் குனிந்து பேனாவைத் திறந்துகொண்டிருந்தாள். அந்தப் பேனாவைத் திறக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

பந்து அவர் கைக்கு வந்தது. கேப்டன் திட்டப்படி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குள்ளர் பழக்கத்தில் நிமிர்ந்து கடிகாரத்தைத் தேடினார். இப்போது நாலு பக்கமும் திரைகள், நாலிலும் நேரம் ஓடியது. அவர் கேப்டன் பக்கம் திரும்பி, "அண்ணே, எந்தப் பக்கம்?" என்றார். பக்கத்தில் இருந்த மைக் அதைப் பிடித்து அரங்கம் முழுக்கப் பரப்பிவிட்டது.

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே நின்றுதான் குள்ளர் முதன்முறையாக அதைக் கேட்டார். மனைவி வந்து சொன்ன சத்தம் இதுதானா? அவர் மனதில் வைத்திருந்த சிரிப்புக்குப் பல் இருந்தது. இதில் அதைக் காணோம். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, யாரையும் முந்திக்கொள்ளாமல், தானாகவே.

ஓடினார். விளம்பர அதிகாரி சொல்லித்தந்த பக்கம் அல்ல, சரியான பக்கம். அதிகாரி ஓரத்தில் நின்று, "சார், அந்தப் பக்கம் சார்!" என்று கையை ஆட்டினான். குள்ளர் காதிலேயே வாங்கவில்லை. எம்பிப் போட்டார். பந்து வளையத்தில் மோதி வெளியே வந்தது. பாய்ந்து பிடித்து மறுபடி போட்டார். பலகையில் பட்டுத் திரும்பியது. மூச்சு இரைத்தது, முழங்கால் முறையிட்டது. அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று, "போடு! போடு!" என்று கத்தியது. இன்னொரு முறை எறிந்தார். பந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இந்தப் பக்கம் சரிந்து விழுந்தது.

அதற்குள் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு ஓடி வந்திருந்தார் கேப்டன். ஆட்டக்காரர் ரத்தம். இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் விழுகிற பந்தை ஒரு தட்டுத் தட்டினார். அது சுகமாகக் கூடைக்குள் இறங்கியது. "பெரியப்பா!" என்று பார்வையாளர் பக்கத்திலிருந்து மகளின் அதட்டல் கேட்டது.

மைக்காரர் மேசைக்கு ஓடினார். "மேடம், இது யார் கணக்கு?"

அவள் நிமிரவில்லை. "யாரு போட்டாங்களோ அவங்க கணக்கு. கேப்டன்."

"இப்பவுமா?" என்றார் குள்ளர், இரண்டு கையையும் விரித்து. அன்றைக்கு அந்த அரங்கத்தில் சிரிக்காதவர் யாரும் இல்லை. மேசையில் ஒரு பெண் மட்டும் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், தூசி என்று பிறகு சொன்னாள்.

விழா முடிந்ததும் கேப்டன் மெத்தையை வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் போனார். போன கையோடு, ரெண்டாவது வந்தவரை ஃபோனில் கூப்பிட்டுக் கடிகாரக் கதையைச் சொன்னாராம். அந்த ஆள் சிரித்து முடித்துவிட்டு, "அப்போ பட்டத்தைத் தர்றியா?" என்று கேட்டாராம். "கடிகாரத்தைப் போய்க் கேளு" என்று இவர் வைத்துவிட்டார். முதுகைச் சரிபார்க்கவென்று மாதம் ஒருமுறை குள்ளரின் மகளிடம் வர ஆரம்பித்தார். வருகிற நாள் எப்படியோ ஆட்ட நாளாகவே அமைந்துவிடும்.

குள்ளரும் ஆட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். கடையில் ஆள் கிடைத்துவிட்டது. மேசைக்கு நேர் பின்னால், மூன்றாம் வரிசையில், காலை மடக்கி வைக்க இடம் போதாமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வாய் ஓயாது. முதல் சட்டை பச்சையா நீலமா, கண்ணாடிக்காரர் போட்டது இடது கையாலா வலது கையாலா, மின்சாரம் போன ஆட்டத்தில் இருட்டில் பந்தைத் திருடிக்கொண்டு போனது எந்த அணிக்காரன் என்று ஒரே தகராறு. ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. குரல் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு நாள் ஆட்டத்தின் இறுக்கமான கட்டத்தில் நடுவர் விசிலை ஊதி நிறுத்திவிட்டு மேசைக்கு வந்தார்.

"மேடம், உங்களுக்குப் பின்னாடி ரெண்டு பெரியவங்க ஓயாமச் சத்தம் போடுறாங்க. விசில் ஊதுறதே கேக்க மாட்டேங்குது. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நரைத் தலைகளும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, கூரையில் எதையோ தேடின.

"ஒருத்தரை மட்டும் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள். அந்த ஒருத்தர் யார் என்று பின்னால் அடுத்த தகராறு ஆரம்பித்தது.